குவாரித் தண்ணீர்

நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊரில் அருணா இரண்டு பையன்களையும் ஒற்றை ஆளாக வளர்த்தாள். கணவர் உதயசூரியன் மஸ்கட்டில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாவு அரைக்க மில்லுக்குக் கிளம்பினாள். "தம்பியப் பாத்துக்கடா, இங்கிட்டு அங்கிட்டு விட்றாத" என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெரியவன் கதிரவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது, பிள்ளைகள் இல்லை. இருவரையும் பழைய கல்குவாரிப் பக்கம் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். மழைத்தண்ணீர் தேங்கி, ஆழம் தெரியாமல் கிடக்கும் பள்ளம் அது. அருணா செருப்பில்லாமல் ஓடினாள்.

சின்னவன் நிதின் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். அவன் உயிரோடு இருப்பதைக் கண்டதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பெரியவனை இழுத்துக் கன்னத்தில் அறைந்தாள்.

"ஒன்ன நம்பித்தானேடா விட்டுட்டுப் போனேன்!"

நிதின்தான் கத்தினான். "அடிக்காதம்மா! நாந்தான் சொல்லாம ஓடி வந்து உள்ள விழுந்துட்டேன். அண்ணந்தான் குதிச்சு என்னத் தூக்குச்சு."

அப்போதுதான் பெரியவனின் முழங்கால்களைப் பார்த்தாள். பாறையில் உரசித் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைக்கப் போனாள். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"அப்பாட்ட சொல்லிறாதம்மா. அங்க தனியாக் கெடந்து பயந்துருவாரு."

சாயங்காலம் உதயசூரியன் போன் செய்தபோது, "எல்லாரும் நல்லா இருக்கோங்க" என்றாள் அருணா. பக்கத்தில்தான் கதிரவன் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தை அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.