கூட உட்கார வந்தவள்

"என்கூட யாராவது உள்ளே உட்காருங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆஸ்டின் டவுனில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லியிருந்தாள். போன முறை கேட்டுச் சண்டையாகிவிட்டது. இந்த முறையும் கேட்டேன். பயந்தவள் கேட்கக் கூடாதா? எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்காரி நான். கதை கட்டத் தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கழுத்தில் வந்த புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து ஆறு மாதம். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, ஈயக் கதவு போட்ட அறையில் ஒரு மணி நேரம் தனியாகப் படுக்க வைப்பார்கள். பேசக் கூடாது. பேசினால் தொண்டைத் தசை மருந்தை இழுத்து, படத்தில் நோய் போலவே ஒளிரும்.

"ஊசி போட்டாச்சுன்னா உன்கிட்டயே ரேடியேஷன். யாரும்மா உட்காருவா? பேய்தான் உட்காரும்" என்று சிரித்தார் டெக்னீஷியன் நாகேஷ்.

காலை 8.40. தொம்மென்று கதவு மூடியது. இரண்டு சாய்வு நாற்காலிகள், நடுவே பச்சைத் திரை. மற்றது காலி. பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

9.05. திரைக்கு அந்தப் பக்கம்... க்ரீச்.

யாரோ உட்கார்ந்தார்கள். கதவு திறக்கவே இல்லை.

"பேர் என்னம்மா?" களைத்த பெண் குரல்.

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மகா."

என் குரல். ஆனால் என் வாய் மூடியிருந்தது.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"அதான் வந்துட்டேன்ல."

கேள்விகள்... பதில்கள்... நிற்கவே இல்லை.

9.38. "மறுபடி எப்ப வருவே?"

"வியாழக்கிழமை. எட்டரைக்கு."

எனக்கு அப்படி எந்தத் தேதியும் தரவில்லை.

9.40. கதவு திறந்ததும் திரையை இழுத்தேன். காலி. ரெக்சின் இருக்கையில் ஒரு பள்ளம்... மெல்ல மேலெழுந்தது.

ஸ்கேன் முடிந்ததும் நாகேஷ் கத்தினார். "படிச்ச பொண்ணுதானே? தொண்டை பூரா எரியுது படத்துல. யார்கிட்ட பேசின?"

"கேமராவைப் போடுங்க."

போட்டார். ஒரு மணி நேரமும் பக்கத்து நாற்காலி காலி. என் உதடு அசையவே இல்லை.

அவர் அதற்குமேல் கத்தவில்லை. "நோயான்னு தெரியல. மறுபடி எடுக்கணும்" என்று வியாழக்கிழமை 8.30 எனப் போட்ட சீட்டை நீட்டினார்.

வியாழக்கிழமை. காலை 8.30.

"அந்த நாற்காலியில செத்தது யாரு சார்?"

நாகேஷ் ஃபைலைப் புரட்டினார். தரை துடைத்துக்கொண்டிருந்த சந்திரம்மாதான் சொன்னார்.

"தனக்கோடின்னு ஒருத்தி. ரெண்டு வருஷம் ஆச்சு. உன்னாட்டமே கேட்டா, யாராவது கூட உட்காருங்கன்னு. யாரும் உட்காரல. கதவைத் தொறந்தப்போ..." துடைப்பதை நிறுத்தினார். "அன்னிக்கும் வியாழக்கிழமை. எட்டரை மணி அப்பாயின்ட்மென்ட்."

சீட்டை மேஜையிலேயே வைத்தேன்.

"வேற ஆஸ்பத்திரியில எடுத்துக்கறேன்."

"அங்கெல்லாம் ஒரு மாசம் ஆகும்மா. அதுக்குள்ள பரவிட்டா?" என்றார் நாகேஷ்.

"என் உடம்பு. நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்தேன். போன ஊசியின் பயம் இன்னும் போகாமல் அம்மா நாலடி தள்ளியே நடந்தாள்.

"மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை. எட்டரைக்கு" என்றது என் குரல்.

நான் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தேன்.