இறக்கை நுனியைப் பற்றிய மூன்று பத்திகள்

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில்தான் விமான இறக்கையை முதல் தடவை கிட்ட நின்று பார்த்தேன். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் வெட்டியது, ஒரு முழ நீளம். செய்தவள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பொறியியல் படிப்பவள். அவளைப் பற்றி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது.

அந்தக் குளிரில் யார் வீட்டிலும் ஃபேன் கிடையாது. ஹட்டன் சலூனொன்றில் இரவல் வாங்கி வந்திருந்தாள். அதை ஓடவிட்டு, இறக்கையின் நுனியில் ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை கீழிருந்து நுனியைச் சுற்றி மேலேறிச் சுருண்டது. கீழே காற்றழுத்தம் கூட, மேலே குறைவு. அதனால் காற்று ஓரத்தால் மேலே புரள்கிறது. அந்தச் சுழல் விமானத்தைப் பின்னால் இழுக்கும், எரிபொருளைத் தின்னும் என்றாள். பிறகு நுனி மேல்நோக்கி வளைந்த இன்னொரு இறக்கையை வைத்தாள். சுருள் சிறுத்தது. எவ்வளவு வளைத்தால் இழுவை நன்றாகக் குறையும், பாரமும் கூடாது என்பதுதான் அவளுடைய ஆய்வு. இரண்டு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

"இதை எழுதுங்கண்ணே. கேம்பஸ்ல என்னைய இன்னும் தோட்டத்துப் புள்ளன்னுதான் சொல்றாங்க. என்ன செய்றேன்னு ஒருத்தரும் கேக்கல. அம்மா கொழுந்துக் கூடையோட நிக்கிற படம் மட்டும் வேணாம்."

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்த அம்மா சிரித்தார். "நான் கூடையோட நின்னாத்தானே தம்பி ஒங்க பேப்பர் விக்கும்?"

படத்துக்காக அம்மாவைக் கூடையை மறுபடி மாட்டச் சொன்னேன். மாட்டினார். மகள் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

மலையகத்தில் யார் எதைச் சாதித்தாலும் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் கூடையிலிருந்துதான் தொடங்குவோம். இறக்கையைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருந்தேன். இடம் போதாதென்று யாரும் சொல்லவில்லை. வாசகருக்கு விளங்காது என்று நானே வெட்டினேன்.

செய்தி வந்த அன்று அவள் அழைத்தாள். "பேட்ச்ல எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்கண்ணே. அம்மாவுக்கு."

திருத்தம் போடலாமா என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். என்ன பிழை என்றார். பிழை ஒன்றுமில்லை. எல்லா வரியும் உண்மைதான்.

போன வருடம் அவளுக்கு வெளிநாட்டில் இறக்கை வடிவமைக்கும் வேலை கிடைத்ததென்று கேள்விப்பட்டு அழைத்தேன். இந்த முறை இறக்கையை மட்டும் எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம்ணே," என்றாள். "அப்பவே அதைத்தானே கேட்டேன்."