முழங்கால் கட்டம்

என் மேசையின் அடி இழுப்பறையில் நாலாக மடித்த ஒரு தாள் கிடக்கிறது. பயணிகள் பட்டியல். பெயர், வயது, கேபின் எண், சைவமா அசைவமா என்று வழக்கமான கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பை மட்டும் வேறெந்த டிராவல்ஸ் ஆபீஸ் தாளிலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது: ‘முழங்கால்’. அதன் கீழே ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் நல்லது, சுமார், படி ஏறாது, ஆபரேஷன் ஆனது என்று நீல மையில் குண்டு குண்டான கையெழுத்து. அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வருத்தம் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வருவது கோபம்தான்.

எழுதியவரை ஆபீஸில் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். நர்ஸாக வளைகுடாவுக்கு வந்து, பல வருடம் ஆஸ்பத்திரி டியூட்டி பார்த்து, இடுப்பு வலி தாங்காமல் துபாய் அல் குசைஸில் இருக்கும் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் சேர்ந்தவர். வேலை மாறியும் கூப்பிடுகிற பெயர் மாறவில்லை. கணவருக்கு சவூதியில், யான்புவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை, கேம்ப் வாழ்க்கை, குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. ஆகவே மகளுக்கு விசா எடுத்திருந்தது சிஸ்டர்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. “எனக்க மோளு பரீட்சை எழுதி முடிக்குத வரைக்கும் இந்த வேலை நின்னா போதும் சார், அதுக்குப் பொறவு ஊருக்குப் போயிருவேன்” என்பார். சூப்பர்வைசர் என்று ஒரு பட்டம் எனக்கு இருந்ததால் அந்த சார். வயது இருவருக்கும் ஒன்றுதான். வேலை யாருக்குத் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

துபாய், ஷார்ஜாவில் இருக்கும் நம்மவர்களைக் குடும்பம் குடும்பமாக மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். கப்பல்காரர்கள் கப்பலை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். காலையில் ஒரு துறைமுகத்தில் இறங்கி மாலையில் திரும்ப ஏறுகிற வரை, நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குத் திட்டம் போடுவது நாங்கள். பிரமாதமான வேலையாகத் தெரியும். கோடைக்காலத்தில் ஒரே தீவின் முன்னால் ஒரே நாளில் நாலு கப்பல் வந்து நின்றுபாருங்கள், தெரியும் சேதி. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஒரு சின்ன டவுன் ஜனம் இறங்கும். தேர்க்கூட்டம் தோற்றுப்போகும்.

சிஸ்டர் திட்டம் போடுகிற விதமே தனி. முதலில் அன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது, எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு ஆளை இறக்கும் என்று தேடி எடுப்பார். அப்புறம் குழுவில் ஒருவர் விடாமல் போன் போட்டு, பேர் கேட்பதற்கு முன்னால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். சுகர் உண்டா, ஊசியா மாத்திரையா, எத்தனை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டும் எல்லாம் விசாரணையில் வரும். பெரிய பாங்க் மானேஜர்கள்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். “கூட்டத்துல ஆரு ரொம்பப் பைய நடப்பாவளோ, அவியளுக்க நேரந்தான் சார் எல்லாருக்கும் நேரம்” என்பது அவருடைய வேதம். கடைசிப் படகு நமக்கு உள்ளதில்லை, அதற்கு இரண்டு படகு முந்தியே ஏறிவிட வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முதலாளிக்கு ஆகாதது: நாலு கப்பல் நிற்கிற அன்றைக்குக் கரையில் மதியச் சாப்பாடு கிடையாது. கப்பலிலேயே மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு இறங்கு, பையில் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் வைத்துக்கொள், நாலு மணிக்குக் கப்பலுக்கு வந்து மறுபடி தின்னு.

முதலாளிக்குச் சோறுதான் வியாபாரம். “தினமும் நம்ம ஊர் மதியச் சாப்பாடு” என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் போட்டிருந்தார். அதில் தப்பும் இல்லை. நாம் அப்படித்தான். ரோமாபுரியே கண் முன்னால் நின்றாலும் மணி ஒன்று ஆனால் சாம்பார் எங்கே என்று கேட்கிற ஜாதி. நானும் அதில் ஒருவன்.

அந்தக் கோடையில் முப்பத்தெட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று. சான்டோரினி தீவு. கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகில் கரைக்குப் போய், செங்குத்தான மலையில் கேபிள் காரில் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு, அதே வழியில் இறங்க வேண்டும். இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படி. அன்றைக்கு அங்கே நாலு கப்பல். சிஸ்டர் சாப்பாட்டை எடுத்துவிட்டு, இரண்டரை மணிக்கு எல்லோரும் கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும் என்று போட்டிருந்தார். மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்ததால், திட்டத்தை அடித்து முடித்த கையோடு அரை நாள் லீவில் கிளம்பிவிட்டார்.

முதலாளி அந்தத் திட்டத் தாளைப் பார்த்தார். “என்னப்பா இது, சோறு எங்க? அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னு நெனப்பு. ஒரு மணிக்கு லஞ்ச் போடு, கலாஸ், அவ்வளவுதான்” என்றார். நாலு கப்பல் நிற்கிறது என்று சொன்னேன். “நிக்கட்டும். நம்ம ஆளுங்க ஓடிருவாங்க” என்றார். போட்டேன். இரண்டரை மணி வரியை அழித்து, ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாடு, மூன்றுக்கு வரிசை என்று என் விரலால் அடித்தேன். தாளின் அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் சிஸ்டரின் பெயர் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அனுப்பினேன். மறுநாள் அவரிடம் சொல்லவில்லை. மறந்துபோச்சு என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டது பச்சைப் பொய். சொன்னால் சண்டைக்கு வருவார், அதுதான் நிஜம்.

ஓட்டலில் சாப்பாடு வர மூன்றாகிவிட்டது. வரிசையில் நின்றபோது நாலு. வரிசை தெருவைத் தாண்டி வளைந்து கிடந்ததாம். காலில் தெம்புள்ளவர்கள் படியில் இறங்கி ஓடிக் கடைசிப் படகைப் பிடித்துவிட்டார்கள். முழங்கால் கட்டத்தில் ‘ஆபரேஷன் ஆனது’ என்று எழுதியிருந்த தஞ்சாவூர் அம்மாவும் அவர் மகனும் மட்டும் கேபிள் காரில் இறங்கிக் கரைக்கு வந்தபோது படகு இல்லை. கப்பல் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். அம்மாவின் இன்சுலின் அந்தக் கப்பலில் கேபினுக்குள் இருந்தது.

போனை எடுத்தது சிஸ்டர். மகன் அலறுவது எனக்கே கேட்டது. “தம்பி, மொதல்ல அம்மைய நெழல்ல இருத்துங்க. என்னைய ஏசுகத பொறவு ஏசலாம்” என்றார். முன்பே விசாரித்து வைத்திருந்த ஊசியின் பெயர், அளவு, டாக்டர் சீட்டின் படம் எல்லாம் அவர் கைவசம் இருந்தன. மேலே ஊருக்குள் இருந்த மருந்துக்கடையை வரைபடத்தில் தேடி, கடைக்காரரிடம் தானே பேசி, ஊசி கைக்கு வந்து அந்த அம்மா சாப்பிட்டார் என்று தெரிகிற வரை போனை வைக்கவில்லை. கப்பல்காரர்கள் பாஸ்போர்ட்டுகளைத் துறைமுக ஏஜென்டிடம் விட்டுப் போயிருந்தார்கள். தாயும் மகனும் இரண்டாம் நாள் அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடித்தார்கள். போனை வைத்த பிறகுதான், நான் குழுவுக்கு அனுப்பியிருந்த திட்டத் தாளை சிஸ்டர் திறந்து பார்த்தார். அவர் போட்ட இரண்டரை மணி வரி அதில் இல்லை.

அந்த மகன் சும்மா விடுவாரா? ஊரெல்லாம் எழுதினார். முதலாளி எங்களை அறைக்குள் கூப்பிட்டார். “யார் பிளான் இது?”

“இது நான் போட்டதில்ல சார். நான் சாப்பாடு போடவே இல்ல” என்றார் சிஸ்டர்.

“கீழ யார் பேர் இருக்கு?”

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லஞ்ச் போடு என்று சொன்ன மனுஷன் எதிரே உட்கார்ந்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையில் இடி விழ. நான் சும்மா இருந்திருந்தால்கூட இன்று பாதிக் கோபத்தோடு பிழைத்திருப்பேன். வாயைத் திறந்தேன். “அனுப்புறதுக்கு முன்னாடி சிஸ்டர் ஒரு தடவ பாத்திருக்கணும் சார்” என்றேன்.

என் பையன்கள் இருவரும் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் விசா இந்த வேலையை நம்பித்தான் இருந்தது என்று இத்தனை நாளாக எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துவிட்டேன். சிஸ்டருக்கு மட்டும் விசா ஆகாயத்திலிருந்தா தொங்கியது? வேலையிலிருந்து எடுத்தார்கள், விசாவை ரத்து செய்தார்கள். தாயின் விசா போனால் மகளின் விசாவும் போகும். வேறு வேலை தேடிப் பார்த்தார், கொடுத்த கெடுவுக்குள் கிடைக்கவில்லை. அந்தப் பெண் அந்த வருடப் பரீட்சையை எழுதவில்லை.

கடைசி நாள் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். தாள்களை அடுக்கி என் மேசையில் வைத்துவிட்டு, “அடுத்த குரூப்ல ஒரு அம்மைக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. பாத்துக்கிடுங்க” என்றார். சார் என்று சொல்லவில்லை. அந்த அடுக்கிலிருந்து நான் எடுத்து வைத்ததுதான் இந்தத் தாள், தஞ்சாவூர் அம்மாவின் பெயர் உள்ள தாள்.

இப்போது எங்கள் ஆபீஸில் எல்லாக் குழுவுக்கும் முழங்கால் கட்டம் உண்டு. நாலு கப்பல் நிற்கிற நாளில் கரையில் சாப்பாடு கிடையாது. முதலாளி அதையும் விளம்பரத்தில் போட்டுவிட்டார், ‘முதியோர் நலனில் எங்கள் அக்கறை’ என்று. படிக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் அச்சாகிறது.

போன வாரம் திருச்சிக்கார அம்மா ஒருவர் மகளோடு ஆபீஸுக்கு வந்திருந்தார். பயணம் போய்த் திரும்பியவர். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

“எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன் தம்பி. என் முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்ட ஒரே ஆபீஸ் உங்களோடதுதான். யாரு தம்பி இதை யோசிச்சது? நீங்களா?”

காலுக்குப் பக்கத்து இழுப்பறையில் அந்தத் தாள் கிடந்தது. திறந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, இந்தக் கையெழுத்துக்காரர் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

“உக்காருங்கம்மா, டீ சாப்பிடுறீங்களா?” என்றேன்.