அம்மாவின் வதிவிடம்

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். முதல் பக்கத்தில், அம்மாவின் படத்துக்குக் கீழே, ஒரு வரி பேனாவால் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சின்னப்பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பிரதியிலும் நானேதான் வெட்டினேன். 'பண்டத்தரிப்பைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று அந்தப் பக்கம் இந்தக் கட்டுரைக்கு முன்பே அச்சாகியிருந்தது. பிறப்பிடம் சரி. வதிவிடம் பொய். அம்மா கடைசிப் பதினொரு வருடங்கள் வாழ்ந்ததும் கண்மூடியதும் அடக்கமானதும் வன்னியில், தர்மபுரத்தில்.

அந்த வரியை எழுதிக் கொடுத்தவர் அம்மாவின் தமையனார், என் பெரியமாமா. மலருக்கான செலவு முழுவதும் அவருடையது. படிப்புக்காக யாழ்ப்பாணம் வந்த நாளிலிருந்து அவர் வீட்டுச் சோற்றைத்தான் தின்கிறேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால், "ஏன் மாமா தர்மபுரத்தை விட்டனீங்கள்?" என்று கேட்டபோது அவர் சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை.

"பிள்ளை, அது தோட்டக்காட்டுச் சனம் வந்து இருந்த இடம். அதைப் போட்டால் பாக்கிறவை எங்களையும் அந்த ஆக்களெண்டெல்லோ நினைப்பினம்? கொப்பர் ஊழியத்துக்குப் போனவர், கொம்மா கூடப் போனவா. அவ்வளவுதான். நீ ரெண்டு பக்கம் இதமா எழுதித் தா."

இதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. இந்தக் கட்டுரையை அச்சகத்தில் நானே நேரில் கொடுக்கிறேன். மாமாவும் உங்களோடு சேர்ந்துதான் இதைப் படிப்பார்.

அம்மா பண்டத்தரிப்பில் ஓர் ஆசிரியரின் இளைய மகளாகப் பிறந்தார். நன்றாகப் படித்தார், தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார், சுவிசேஷ ஊழியராக இருந்த அப்பாவை மணந்தார். எழுபத்தேழில் கலவரம் நடந்து, மலையகத்துத் தோட்டங்களில் அடியும் தீயும் பட்ட குடும்பங்கள் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, மிஷன் அப்பாவைத் தர்மபுரத்துக்கு அனுப்பியது. "மூன்று மாதம்தான்" என்றார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக இரண்டு அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி, பக்கத்தில் ஆராதனைக்கு ஒரு கொட்டில். அந்த மூன்று மாதம் முடியவே இல்லை.

அம்மா அந்தக் கொட்டிலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அதனால் ஊருக்கு அவர் 'டீச்சரம்மா' ஆனார். போன புதிதில் ஒரு நாள் காலை, பக்கத்துக் காணியில் இருந்த இராக்கம்மா அக்கா படலையில் வந்து நின்று, "டீச்சரம்மா, ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது.

"ஏன் என்னைப் பேசப்போறீங்கள்? நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார்.

இராக்கம்மா அக்கா பதறிப்போய்க் கைகூப்பினார். அம்மா தன்னைச் சமாளித்துக்கொண்டு, "சரி, உள்ளுக்கு வாங்கோ, இருந்து கதைப்பம்" என்றார்.

"கதையா? பொழப்ப விட்டுட்டுக் கதை கேக்கவா வந்தேன்? தோட்டத்துல இருக்கிற எங்காத்தாவுக்கு ஒரு கடுதாசி எழுதணுங்க."

இருவரும் எப்போது சிரிக்கத் தொடங்கினார்கள் என்று நினைவில்லை. கடிதம் எழுதி முடிய மத்தியானமாகிவிட்டது. மேல்மூலையில் எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் அம்மா எழுதினார். பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே விலாசமானது.

எங்கள் வீட்டுக்குள்ளும் இரண்டு தமிழ் புழங்கியது. நான் அப்பாவுக்கு "ஓம்" என்பேன், விளையாடப் போனால் "ஆமா" என்பேன். காலையில் புட்டு, பின்னேரத்தில் இராக்கம்மா அக்கா தட்டித் தரும் தேங்காய் ரொட்டி. ஒருமுறை பண்டத்தரிப்பில் ஒரு கலியாண வீட்டில் வாய் தவறி "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "பிள்ளையைத் தோட்டக்காட்டாளாக்கிப் போட்டாய்" என்று ஒரு மாமி அம்மாவிடம் சொன்னார். அந்த மாமியும் இந்த மலரை வாசிப்பார். வாசிக்கட்டும். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கைகழுவி, "அவள் மரியாதையாத்தான் சொன்னவள். அது விளங்காத ஆக்களோட எனக்கென்ன பந்தி?" என்று என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு அன்று பாயசம் போனதுதான் கவலையாக இருந்தது.

மிஷன் பெரியவர்கள் வருடத்தில் ஒருமுறை ஜீப்பில் வருவார்கள். "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தவை?" என்பதுதான் முதற் கேள்வி. ஒருமுறை அம்மா தேத்தண்ணீரை நீட்டியபடி, "இந்த வருசம் கன பேருக்கு மலேரியா வந்தது ஐயா, அதை ஒருதரும் கேக்கயில்லை" என்றார். அவர்கள் அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: 'ஊழியரும் குடும்பமும் தற்காலிகமாகத் தர்மபுரத்தில்.' பதினொரு வருடமும் தற்காலிகமாக!

இந்தத் 'தற்காலிகம்' என்ற சொல்லை அம்மா அறவே வெறுத்தார். அதற்குக் காரணம் உண்டு. இராக்கம்மா அக்காவின் வீட்டுக்குக் குடும்ப அட்டை எடுக்க அம்மா அவரோடு அரசாங்கக் கந்தோருக்குப் போனபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "நிரந்தர வதிவிடம் எண்ட இடத்தில தோட்டத்து விலாசத்தைப் போடவேணும். இஞ்ச இருக்கிறது தற்காலிகம்."

"இவை இருந்த லயத்து வீட்டை எரிச்சுப்போட்டாங்கள் தம்பி. எரிஞ்ச லயத்துக்கோ அட்டை அனுப்பப்போறீர்? காடு வெட்டி, கிணறு வெட்டி, இஞ்சதானே இதுகள் சீவிக்குதுகள்."

அவர் அசையவில்லை. அம்மா அடுத்த கிழமையும் போனார், அதற்கடுத்த கிழமையும் போனார். மூன்றாம் முறை நானும் கூட இருந்தேன். கந்தோர் வாங்குப் பலகையில் காலையிலிருந்து அசையாமல் இருந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காரியத்தை விளங்கப்படுத்தினார். கடைசியில் உத்தியோகத்தருக்கே வெட்கமாகிவிட்டது. 'தர்மபுரம்' என்று எழுதிவிட்டு, கைநாட்டுக்காக மைப்பெட்டியை இராக்கம்மா அக்காவின் பக்கம் தள்ளினார். அம்மா அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார். "பேனையைக் குடும் தம்பி. அவாவுக்கு எழுதத் தெரியும்." அதற்குள் அம்மாவிடம் எழுத்துப் பழகியிருந்த இராக்கம்மா அக்கா ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினார்.

மற்றவர்களுடைய வதிவிடத்துக்காக வாங்கில் இருந்து போராடிய ஒருவருடைய வதிவிடத்தை, சொந்த இரத்தமே ஒரு வரியில் அழித்துவிடலாம் என்றால் எனக்குக் கோபம் வராதா? மாமாவின் மீது மட்டுமல்ல, இதே வரியோடு பேப்பரில் வந்த மரண அறிவித்தலைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்த எல்லோர் மீதும் வருகிறது.

சென்ற வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சண்டையால் பாதை மூடியிருந்தது. அப்பாவும் அதே காய்ச்சலில் படுத்திருந்தார். செல்லையா அண்ணன், இராக்கம்மா அக்காவின் கணவர், அம்மாவை டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். சோதனைச் சாவடியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா போய்விட்டார். செய்தி எனக்கு வந்ததே எட்டாம் நாள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே இருப்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா எழும்ப மாட்டாத நிலையில் படுக்கையிலிருந்தே ஜெபம் சொன்னார். பெட்டி செய்தவர்கள், குழி வெட்டியவர்கள், தூக்கியவர்கள் எல்லோரும் அந்த ஊர்ச் சைவ சனங்கள். கொட்டிலில் படித்த பெண்பிள்ளைகள் அம்மா சொல்லிக் கொடுத்த பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அதன் பிறகு இராக்கம்மா அக்கா தங்கள் முறைப்படி மாரடித்து ஒப்பாரி வைத்திருக்கிறார். அம்மா இரண்டையும் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். பெட்டிக்குப் பலகை தந்த செல்லையா அண்ணனுக்கும், அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்த அயலவர்களுக்கும், நான் இதை எழுதப்போகிறேன் என்றபோது "எழுது பிள்ளை" என்று மட்டும் சொன்ன அப்பாவுக்கும், இவ்வளவு திட்டு வாங்கப்போவது தெரியாமலே செலவைத் தந்த பெரியமாமாவுக்கும் என் நன்றி.

முக்கியமாக இராக்கம்மா அக்காவுக்கு. அம்மாவின் இறப்பைப் பதியப் போனவர் அவர்தான். பதிவு செய்தவர் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்: "பண்டத்தரிப்பு ஆக்களெண்டால் நிரந்தர வதிவிடம் அங்கயெல்லோ? இஞ்ச தற்காலிகமா இருந்தவாதானே?"

இராக்கம்மா அக்கா சொன்ன பதிலை அப்பா எனக்குச் சொன்னார். அதைவிட ஒரு சொல் கூடுதலாக எழுத என்னால் முடியாது.

"எங்க மண்ணுக்குள்ள படுத்திருக்காங்க ஐயா. இதுக்கு மேல நெரந்தரம்னா என்னாங்க? தர்மபுரம்னு எழுதுங்க. எழுதிட்டுப் பேனாவக் குடுங்க, கையெழுத்து நான் போடுறேன்."