குளத்துப் பக்கம் வாசல் இல்லாத வீடு

ரங்கூனில் நான் பார்க்காத வேலை குறைவு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், ஷ்வேப்யிதாவில் செருப்புக் கம்பெனிக்குப் போனேன், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். எதிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் கால் தங்கவில்லை. இரண்டு கோடைக்கு முன்னால் கியாக்தானுக்கு வெளியே ஒரு கிராமத்தில் மாட்டுக் கொட்டகை வேலைக்குச் சேர்ந்தேன்.

கொட்டகை ஒரு தமிழ் அக்காவுடையது. புருஷன் இறந்த பிறகு தனியாக எட்டு மாடுகளை வைத்து நடத்திக்கொண்டிருந்தாள். பால் விடியுமுன் பஸ் ஏறி ரங்கூன் டீக்கடைகளுக்குப் போகும். வீட்டைச் சுற்றிக் கீரைப் பாத்திகள். எனக்குச் சம்பளம், சாப்பாடு, கொட்டகை ஓரத்தில் ஒரு கட்டில். அரிசி மூட்டை சுமந்தவனுக்குச் சாணிக் கூடை ஒரு கனமா?

வீட்டு வாசலுக்கு எதிரே ஊர்க் குடிநீர்க் குளம். அந்தப் பக்கம் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். மழையில் நிரம்புகிற குளத்தை வைத்துத்தான் வருஷத்தை ஓட்ட வேண்டும். அதில் ஒருவரும் கால் நனைக்க மாட்டார்கள், துணி அலச மாட்டார்கள். அந்தக் கோடையில் தண்ணீர் வற்ற வற்றக் குளம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது. உடனே மேலிடத்திலிருந்து விதி வந்தது: குளத்தைச் சுற்றி உரம் போடக் கூடாது, உரம் கரைந்த தண்ணீர் குளத்தில் இறங்கக் கூடாது. மழை பிடித்ததும் அதிகாரி வந்து பார்ப்பார். மீறியிருந்தால் மாடுகள் ஊருக்கு வெளியே போக வேண்டும். அக்காவுக்கு ஊருக்கு வெளியே ஒரு சாண் நிலம் கிடையாது. மாடு போனால் பிழைப்பு போயிற்று.

அக்கா அன்றைக்கே யூரியா சாக்குகளை என் தலையில் ஏற்றிப் பின்பக்கம் அனுப்பினாள். குளத்தோரப் பாத்திகளுக்கு யூரியா போடுவதையே நிறுத்தினாள். மண்ணில் சிந்திக் கிடந்த வெள்ளை மணிகளைக்கூட விடாமல் கூட்டி அள்ளினாள். பிறகு ஊர்த்தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பர்மாக்காரர். பெரியவர் என்பதால் எல்லோருக்கும் ‘ஊலே’. தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர். நம் தமிழை பர்மா ராகத்தில் பேசுவார்.

அவர் சாணிக் குவியலைக் காட்டினார். “தங்கச்சி, அது?”

“அது சாணி.”

“உரம்தானே?”

“உரம் சாக்குல வரும், ஊலே. இது மாடு போட்டது.”

அவர் சிரித்துவிட்டார். “பாசிக்கு சாக்கும் ஒண்ணுதான், மாடும் ஒண்ணுதான். யூரியாவுல உள்ள சத்து இதுலயும் இருக்கு. மழை பெஞ்சா கரைஞ்சு குளத்துக்குத்தான் வரும்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடா, சாணி அழுக்காம்! தினம் காலையில வாசல்ல தெளிக்கிறோமே, அது என்னவாம்? லெட்சுமி தங்குற பொருளு.”

“லெட்சுமி தங்கட்டும்க்கா. பாசியும் கூடவே தங்குதே.”

“வாய்க் கொழுப்பு உனக்கு. மம்பட்டிய எடு.”

எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால், குளத்துக்கு எதிர்த் திசையில் குழி வெட்டிக் கரை கட்டினேன். உள்ளே தார்ப்பாய் விரித்து, சாணியை அள்ளிக் கொட்டி, மேலே தகரம் போட்டேன். கொட்டகை கழுவுகிற தண்ணீரும் அதிலேயே போய் விழ வாய்க்கால் இழுத்தேன். கை காய்த்தது, அது எனக்குப் பழகிய காய்ப்புதான்.

முதல் பெருமழை கொட்டிய காலையில் ஊலே குடையோடும் ஒரு கூடை உமியோடும் வந்தார். “தண்ணி எங்க ஓடுதுன்னு அதிகாரி வர்றதுக்குள்ள நாம பாத்துடுவோம்” என்று கொட்டகையில் ஒரு பிடி உமியை இறைத்தார். உமி மிதந்து, வாய்க்காலில் ஓடி, குழிக்குள் விழுந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். ஊலே திரும்பிப் போகிற வழியில் வாசலிலும் ஒரு பிடி போட்டார். அப்போதுதான் தெளித்திருந்த சாணித் தண்ணீரோடு உமி கோலத்தைக் கலைத்துக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் இறங்கி, நேராகக் குளத்துக்குப் போயிற்று.

“இது எந்த மாடு, தங்கச்சி?” என்றார் ஊலே.

“ஒரு வாளி ஊலே! ஒரே ஒரு வாளி!”

“தினம் ஒரு வாளி. குடிக்கிறது நானும்தான், நீயும்தான்.”

“இனிமே வெறுந்தண்ணியத் தெளிச்சா என்னக்கா?” என்றேன்.

“எழவு வீடாடா இது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் உள்ளே படார் படாரென்று சத்தம். போய்ப் பார்த்தால் அரிவாளை வைத்துக் குழிப் பக்கத்து மூங்கில் பாய்ச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தாள். “என்னடா பாக்குற? கதவக் கழட்டிக்கிட்டு வா.” பொழுது சாய்வதற்குள் வாசல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. பழைய வாசலைப் பாய் வைத்து அடைத்தேன்.

“மேற்க பாத்த வாசலாயிடுச்சேக்கா.”

“லெட்சுமிக்கு வழி தெரியாதாக்கும்!”

மறுநாள் அவள் தெளித்த சாணித் தண்ணீர் வாய்க்கால் வழியே குழிக்குப் போயிற்று. ஊலே இன்னொரு பிடி உமி போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த வாரமே அதிகாரி வந்தார். வந்தவர் குளத்தோரமாக வந்து, சுவரைத் தடவிக்கொண்டு வாசலைத் தேடினார். அங்கே சாணித் தடம்கூட இல்லை. அக்கா மாட்டின் மடியிலிருந்து கையெடுக்காமலே குரல் கொடுத்தாள்:

“சுத்திக்கிட்டு வாங்க! இந்தப் பக்கம் வாசல் கிடையாது.”