நீல நூல் கட்டிய பொதிச்சோறு

எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தேங்காய் கிடையாது. கேரள எல்லையோரத்தில் எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் தேங்காய் இல்லையென்றால், அங்கே துக்கமா தரித்திரமா என்று கேட்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது போலத்தான் இருந்தது. டாக்டர் சொன்னது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு வந்து தேங்காய் துருவியைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து புளிக்கறி, எண்ணெயைக் கண்ணில் காட்டாமல் வதக்கிய பாவைக்காய், நாரத்தங்காய் ஊறுகாய். மூன்று வருடமாக ஒவ்வொரு மதியமும் நான் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். அவள் எதுவும் காதில் விழாதவள் போலப் பரிமாறுவாள்.

இந்தச் சோற்றைத்தான் நாங்கள் ஞாயிறுதோறும் தானமும் செய்துவந்தோம்.

எங்கள் ஊரில் பொதிச்சோறு சேர்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. வாட்டிய வாழையிலையில் சோறும் கறியும் வைத்து மடக்கி, மேலே பத்திரிகைத் தாளைச் சுற்றிக் கட்டி, வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ தருவார்கள். பன்னிரண்டு வீடுகள் என் பொறுப்பு. ஸ்கூட்டரில் போய் வாங்கிக்கொண்டு, பாறசாலை ரயில் நிலையத்து வாசலில் படுத்துக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் வேண்டுமென்கிறவருக்கு இன்னொன்று. எல்லோரும் ரப்பர் பேண்ட் போடுவார்கள். என் மனைவி ஜாக்கெட் தைக்கிறவள், அதனால் எங்கள் பொதிக்கு மட்டும் தையல் நூல்தான் கட்டு. எந்தக் காலத்திலோ யாரும் கேட்காத நிறத்தில் வாங்கிவிட்ட நீல நூல்.

கூட்டத்துக்குத் தலைவி ஒரு ரிட்டயர்டு டீச்சர். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். "கொடுத்தா வந்துரணும். சோறு எப்பிடி இருந்துன்னு ஆரிட்டயும் கேக்கப்பிடாது. கேட்டா அந்தப் பாவங்க நல்லாயிருக்குன்னுதானே சொல்லணும். வாங்கித் திங்கியதுக்குப் பொய்யும் சொல்ல வைக்காதிய."

நல்ல சட்டம்தான். நான் அதை மதித்தேன். ஆனால் பார்க்கக் கூடாது என்று டீச்சர் சொல்லவில்லையே.

வாசலில் ஒரு பெரியவர் இருந்தார். முன்பு அம்பூரியில் ரப்பர் பால் வெட்டியவர் என்று சொல்வார்கள். கண் பார்வை குறைந்ததும் வேலை போய், எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவர். ஒரு துணிப்பையும், காலடியில் எப்போதும் ஒரு செவலை நாயும் அவருக்குத் துணை. வழக்கமாக அவருக்கு இரண்டு பொதி கிடைக்கும். நான் பையை நீட்டினால் உள்ளே கைவிட்டுத் துழாவி, நூல் கட்டிய பொதியைத் தேடி எடுத்துவிடுவார். எனக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. பன்னிரண்டு வீட்டுச் சோற்றில் எங்கள் வீட்டுச் சோற்றைத் தேடுகிறாரே. பிறகுதான் கவனித்தேன். இன்னொரு பொதியை அங்கேயே பிரித்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். எங்கள் பொதியைப் பிரிக்காமல் துணிப்பைக்குள் போட்டுவிடுவார்.

நாலு வாரம் பார்த்தேன். நாலு வாரமும் அதேதான். அந்தச் செவலை நாய் மட்டும் வாரத்துக்கு வாரம் மினுமினுவென்று கொழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு வேறு கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக ஒரு சாட்சிக்காகக் காத்திருந்தவன் நான்.

"உனக்க கறிய நாய்க்குப் போடுதாரு. மனுசன் திங்க மாட்டான்னு நான் சொன்னப்ப நீ கேட்டியா?"

அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். "நீங்க பாத்தியளா, நாய் திங்கியத?"

"நாயப் பாத்தேன். போதாதா?"

அவள் மறுபடியும் மிஷினை மிதித்தாள். அடுத்த ஞாயிறு விடியும்போது அடுக்களையிலிருந்து, மூன்று வருடமாகக் கேட்காத ஒரு சத்தம் வந்தது. தேங்காய் துருவுகிற சத்தம். எழுந்து ஓடினேன். ஒன்றல்ல, இரண்டு தேங்காய். அவியல், தேங்காய்ப்பூ தூவிய பயறு துவரன், தேங்காய் அரைத்த பருப்புக்கறி, சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல். வீடே கல்யாண வீடு மாதிரி மணந்தது. ஒரு கரண்டி அவியலுக்குக் கை நீட்டினேன்.

"இது அவருக்காக்கும். உங்களுக்குப் புளிக்கறி உண்டு."

அந்தப் பொதியை ஸ்கூட்டரில் கொண்டுபோன வழி முழுவதும் எனக்கு வாயில் நீர் ஊறியது. பெரியவர் வழக்கம் போலத் துழாவி, நூலைத் தடவிப் பார்த்து, பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றேன். நாய் என்னைப் பார்த்தது, நான் நாயைப் பார்த்தேன். அவர் பையைத் திறக்கவே இல்லை. இரண்டு தேங்காய் வீணாகப் போன வயிற்றெரிச்சலோடு திரும்பினேன்.

அதற்கு அடுத்த ஞாயிறும் மனைவி விடவில்லை. மறுபடியும் தேங்காய், மறுபடியும் அவியல். இந்த முறை பெரியவர் நீல நூல் பொதியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"மக்கா, இதுல தேங்கா உண்டுமா?"

"உண்டு அண்ணே. நல்லா அரச்சுச் சேத்ததாக்கும்." பெருமையைக் குரலில் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இது வேண்டாம். வேற ஆருக்காவது குடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீச்சரின் சட்டம் காற்றில் பறந்தது. "தேங்கா இல்லாட்டி நாய்க்கு, தேங்கா இருந்தா வேண்டாம். பின்ன என்னதான் வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நாய்க்கா?" அவர் கொஞ்சம் சிரித்தார். "அதுக்கு இங்க மீன் விக்கியவ ஒருத்தி குடுப்பா. நான் ஏன் குடுக்கேன்? இந்த நூலு கெட்டின பொதி ராத்திரிக்கு உள்ளது. மத்தப் பொதியில எல்லாம் தேங்கா உண்டு. உச்சைக்கு, வெயிலு தாழ முந்தித் திங்க நல்லது, பொழுதடைஞ்சா புளிச்சுப் போவும். இது மட்டும் கெடாது. ஒரு வாரத்தில எனக்கு ராத்திரிச் சோறு இந்த ஒண்ணுதான்."

அவர் நீட்டிய பொதியை வாங்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"போன வாரம் என்னமோ பிசகிப்போச்சு. ராத்திரி அவுத்தா ஒரே நாத்தம். பட்டினியாத்தான் கெடந்தேன். அது போட்டும். ஆனா அந்த வீட்டுக்காரிய நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். சோறு குடுக்க எத்தனையோ பேரு உண்டு. இவனுக்கு ராத்திரியும் பசிக்குமேன்னு யோசிச்சுக் கறி வைக்கியது அவ ஒருத்திதான். அவளக் கண்டா சொல்லு மக்கா."

கொலஸ்ட்ரால் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதனின் ராத்திரிச் சோற்றை எங்கள் வீட்டு ரோஷத்துக்காகப் புளிக்க வைத்துவிட்டு, அவர் வாயாலேயே புகழையும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை விடாமல் மனைவியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பிறகு தேங்காய் துருவியை எடுத்து என் கையில் கொடுத்து, "பரணில போடுங்க" என்றாள்.

அந்த வாரமே மற்ற வீடுகளுக்கும் போய், இனி வீட்டுக்கு ஒரு பொதியாவது தேங்காய் சேர்க்காமல் தர முடியுமா என்று கேட்டேன். மூன்றாவது வீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தேங்கா போடாத கறியா? எங்கள என்ன, வக்கத்தவங்கன்னு நெனச்சீரா?" விளக்கிச் சொன்ன பிறகு, உள்ளே போய் ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாயோடு வந்தாள். இப்போது அந்த வாசலில் ஆறு பேருக்கு ராத்திரிப் பொதி உண்டு. எல்லாவற்றுக்கும் என் மனைவியின் நீல நூல்தான் கட்டு. யாரும் கேட்காமல் கிடந்த அந்த நூல்கண்டு பாதியாகிவிட்டது.

முதல் ராத்திரிப் பொதிகளைக் கொடுத்துவிட்டு வந்த அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். புளிக்கறி, பாவைக்காய், நாரத்தங்காய். வழக்கம் போலக் குறை சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி கரண்டியோடு காத்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.