மீன்வாய்த் தண்ணீர்

எங்க ஊர் பஸ்ஸில் வரைந்திருப்பதும் அந்த நாலு கல்மீன்தான், மிட்டாய்ப் பெட்டியிலும் அந்த நாலு கல்மீன்தான். சதுக்கத்து நீரூற்றில் வாய்வழியே தண்ணீர் கொட்டுகிற மீன்கள் அவை; அந்த நீரூற்று இல்லையென்றால் எங்களுக்கு ஊரே இல்லை. பிழைப்புக்காக எல்லை தாண்டி வடக்கே போகிறவர்கள், கிளம்புகிற அன்று மீன்வாயில் மூன்று மடக்கு குடிப்பார்கள். குடித்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கை.

முப்பது வருஷமாக அந்த நீரூற்றைக் கழுவிப் பார்த்துக்கொண்டவர் கிறிஸ்பீன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னமோ, பக்கத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கிற என்னிடமே நாளைக்கு நாலு வார்த்தைதான். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் தெரியும். நீரூற்றுக்குத் தண்ணீர் தந்த மலை ஊற்று எப்போதோ வற்றிவிட்டது. மீன்வாயில் வருவது தொட்டித் தண்ணீர், மோட்டார் அதையே சுற்றிச் சுற்றி விடுகிறது.

"சொல்லித் தொலைங்களேன் அண்ணே, பாவம், நம்பிக் குடிக்கிறாங்க," என்றேன் ஒருநாள்.

"நீ சோளத்தப் பாரு, ஹசிந்தா. அவங்க நிம்மதியாப் போகட்டும்."

யாராவது கிளம்புவதாகத் தெரிந்தால், தொட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் மாற்றி வைப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

அவருடைய ஒரே மகன் ஹெனாரோ கிளம்பிய காலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீன்வாயில் குனிந்தான். கிறிஸ்பீன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம்டா. இது மோட்டார் தண்ணி."

"என்னப்பா சொல்றீங்க? ஊரே குடிக்குதே!"

"ஊருக்குப் பொய் சொல்லிட்டேன். உனக்கு எப்படிடா சொல்லுவேன்?"

பையன் சிரித்தான். குடிக்காமலே பஸ் ஏறிவிட்டான்.

பதினோரு வருஷம் ஆச்சு. மோட்டார் தண்ணீர் குடித்த கறிக்கடைக்காரர் மகன் வந்தான், என் தங்கச்சி மகள் வந்தாள், ஒரு குடிகாரன் போய்ப் போய் ரெண்டு தடவை வந்தான். ஹெனாரோவிடமிருந்து முதல் வருஷம் மூன்று போன். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"நாந்தானே தடுத்தேன்," என்றார் ஒருநாள்.

"பைத்தியமா உங்களுக்கு? தண்ணியா ஆளக் கூட்டிட்டு வருது?" என்று கத்திவிட்டேன். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதற்கப்புறம் கிளம்புகிற பிள்ளைகளை அவரே தோளைத் தொட்டுக் குனியவைத்தார். "இன்னொரு மடக்கு குடி, கண்ணு. அவசரம் ஒண்ணுமில்ல."

போன மாசம் ஒரு லாரி டிரைவர், வடக்கே போகிறவர், என் கடையில் நின்று சோளம் தின்றுகொண்டிருந்தார். கிறிஸ்பீன் மீன்வாயில் ஒரு பாட்டிலைப் பிடித்து நிரப்பினார். மூடியை இறுக்கி, துடைத்து, அவரிடம் நீட்டினார்.

"எம்மகன் ஹெனாரோகிட்ட குடுத்துடுங்க, தம்பி."

"எந்த ஊர்ல இருக்காரு, பெரியவரே?"

"தெரியல. மூணு மடக்கு குடிக்கச் சொல்லுங்க."